ஸ்ட்ராட்போர்ட் 2025: பதினொரு நாடகங்களில் எந்த இரண்டு?

பனி உருகத் தொடங்கியதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பேச்சு எழும். இந்த ஆண்டு கனடாவின் ஸ்ட்ராட்போர்ட் நாடக விழாவில் எதைப் பார்ப்பது? ரொறன்ரோவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 150 கிலோமீற்றர். 401 நெடுஞ்சாலையில் ஏறி, கிச்சினரைக் கடந்து, சோள வயல்களுக்கு நடுவே போனால் இரண்டு மணி நேரத்தில் ஏவன் ஆறும் அன்னங்களும் வந்துவிடும். கார் ஓட்ட விருப்பமில்லாதவர்களுக்கு ரொறன்ரோ நகர மையத்திலிருந்து விழாவின் நேரடி பஸ் உண்டு. போய்ச் சேருவதில் சிக்கல் இல்லை, தேர்ந்தெடுப்பதுதான் சிக்கல்.

2025இல் ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை நான்கு அரங்குகளில் பதினொரு நாடகங்கள். எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வார இறுதி. வீட்டில் ஐந்து பேர்: நான், என் கணவர், பள்ளிக்கூடத்தில் மக்பெத் படிக்கும் பதினைந்து வயது மகன், ஒன்பது வயது மகள், எழுபத்திநாலு வயது அம்மா. எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. இரண்டு நாடகங்கள் என்று கணக்கு வைத்திருக்கிறோம். இதே கணக்கோடு யோசிக்கிற வீடுகள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் நிறைய இருக்கும் என்பதால், நாங்கள் எப்படி எடைபோட்டோம் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். இது சினிமா அரங்கு மாதிரியான இடமில்லை. பதினொரு நாடகங்களுக்கும் பதினொரு தனிக் குழுக்கள் கிடையாது. ஒரே நடிகர் கூட்டம் பருவம் முழுவதும் அங்கேயே தங்கி, நாடகங்களை மாற்றி மாற்றி ஆடுகிறது. இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு வேலைக்காரனாக வாளி தூக்கியவர் நாளை இரவு அரசனாக வருவார். பிற்பகல் ஆட்டம் முடிந்து இரவு ஆட்டம் தொடங்குவதற்குள், அந்தச் சில மணி நேரத்தில், மேடைத் தொழிலாளர்கள் ஓர் ஊரைப் பிரித்து இன்னொரு ஊரைக் கட்டிவிடுவார்கள். ஒருமுறை உடுப்புகளும் அரங்கப் பொருட்களும் வைத்திருக்கும் களஞ்சியத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். ஒரு பழைய மேலங்கியின் கழுத்து உட்புறத்தில் துணிப் பட்டி ஒன்று தைத்திருந்தது. அதில் ஒரு பெயர் வெட்டி, கீழே இன்னொரு பெயர், அதையும் வெட்டி மூன்றாவது பெயர். வெவ்வேறு நாடகங்களில் மூன்று பேர் அதே அங்கியை உடுத்தியிருக்கிறார்கள். மகள் அந்தப் பட்டியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஸ்ட்ராட்போர்ட் எப்படிப்பட்ட இடம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பட்டிதான் நினைவுக்கு வரும்.

அதனால்தான் ஒரு நாடகத்தைத் தனியாக எடுத்து, இது நல்லதா, பேர்போனதா என்று கேட்பது இங்கே போதாது என்கிறேன். எந்த இரண்டை அடுத்தடுத்துப் பார்க்கலாம், அந்த இரண்டும் ஒன்றோடொன்று கதைக்குமா என்றுதான் கேட்கவேண்டும்.

நாடகத்தைத் தேர்வதற்கு முன் அரங்கைத் தேர்வது நல்லது. இந்த ஊரில் மேடையே கதையில் பாதி.

ஸ்ட்ராட்போர்ட் ஒரு காலத்தில் ரயில் என்ஜின் பழுதுபார்க்கும் ஊர். அந்த வேலை போகப்போகிறது என்ற பயத்தில் ஊர் இருந்தபோது, உள்ளூரில் பிறந்த பத்திரிகையாளர் டொம் பற்றர்சன் ஷேக்ஸ்பியர் விழா ஒன்று நடத்தலாம் என்றார். நாடக அனுபவம் எதுவும் இல்லாதவர் அவர். 1952இல் பிரித்தானிய நெறியாளர் டைரோன் கத்ரியை அழைத்தார்; 1953 ஜூலை 13 அன்று ஒரு பெரிய கூடாரத்துக்குள் நடிகர் அலெக் கினஸ் மூன்றாம் ரிச்சர்டாக வந்து முதல் வசனத்தைப் பேசினார். கூடாரம் போய் 1957இல் நிரந்தரக் கட்டடம் வந்தது. அதுதான் ஃபெஸ்டிவல் அரங்கு. தன்யா மொய்சைவிச் வடிவமைத்த மேடை பார்வையாளர்களுக்கு நடுவே நீண்டு வரும், மூன்று பக்கமும் ஆட்கள். 1,800க்கு மேல் இருக்கைகள் இருந்தும் எந்த இருக்கையும் மேடையிலிருந்து இருபது மீற்றருக்கு அப்பால் இல்லை.

மட்டக்களப்பில், சுற்றிவரச் சனம் இருக்கும் வட்டக்களரியில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகப் படாது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் களரிக் கூத்தைப் படச்சட்ட மேடைக்கு, அதாவது முன்பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு, கொண்டுவந்தார். அதற்குச் சற்று முன் இங்கே கத்ரி எதிர்த்திசையில் நடந்தார். படச்சட்டத்தை உடைத்து, சனத்துக்கு நடுவே திரும்பவும் மேடையைப் போட்டார். இரண்டு பேருக்கும் அவரவர் நியாயம் இருந்தது. நாட்டம் எனக்குக் களரிப் பக்கம்தான்.

ஏவன் அரங்கு இதற்கு நேர்மாறு. 1901இல் கட்டிய பழைய கட்டடம், ஆயிரம்பேர் அளவில் கொள்ளும், திரையும் சட்டமும் உள்ள மேடை. ஜஸ்டின் பீபர் சிறுவனாக இருந்தபோது கிற்றார் வாசித்துக் காசு சேர்த்தது இந்த அரங்கின் வாசல் படிகளில்தான். என் மகனுக்கு நான் சொன்ன ஸ்ட்ராட்போர்ட் வரலாறு முழுவதிலும் நினைவில் நின்றது இது மட்டுமே. டொம் பற்றர்சன் பெயரில் உள்ள மூன்றாவது அரங்கு 2022இல் ஆற்றங்கரையில் புதிதாகத் திறந்தது. ஏறத்தாழ 600 இருக்கைகள், ஒடுங்கி நீண்ட மேடை, மூன்று பக்கமும் பார்வையாளர்கள். அந்த ஆண்டு அங்கே நடிகர் கொல்ம் ஃபியோர் மூன்றாம் ரிச்சர்டாக நடித்தபோது இரண்டாவது வரிசையில் இருந்தேன். அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. நான்காவது ஸ்டூடியோ அரங்கு, 260 இருக்கைகளுடன் மிகச் சிறியது.

எங்கே இருப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபெஸ்டிவல் அரங்கில் நடுப்பகுதி டிக்கெட்டுக்குக் கூடப் பணம் கொடுக்கவேண்டும் என்றில்லை. ஓரத்தில் இருந்தாலும் நடிகர்கள் உங்கள் பக்கமாகவும் வருவார்கள், நடைபாதையால் ஓடி வருவார்கள். ஏவனில் அப்படியில்லை, அங்கே நடுவில் இருப்பது முக்கியம். பற்றர்சனில் எங்கே இருந்தாலும் சரி. மூன்று வருடத்துக்கு முன் அம்மாவை ஒரு மாடத்தின் கடைசி வரிசையில் இருத்திவிட்டேன். பாதி நாடகம் அவர் நடிகர்களின் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அம்மாவோடு போனால் பற்றர்சன், அல்லது ஃபெஸ்டிவல் அரங்கின் கீழ்த்தளம். வேறு பேச்சில்லை.

இனி நாடகங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பார்ப்பது இசை நாடகங்களைத்தான். இந்த ஆண்டு இரண்டு. ஃபெஸ்டிவல் அரங்கில் 'ஆனி', ஏவனில் 'டேர்ட்டி ரொட்டன் ஸ்கவுண்ட்ரல்ஸ்'. இரண்டாவது, பிரெஞ்சுக் கடற்கரையில் பணக்காரப் பெண்களை ஏமாற்றிப் பிழைக்கும் இரண்டு எத்தர்களின் கதை. 1988இல் வந்த படத்தை வைத்து 2005இல் நியூயோர்க்கின் பிராட்வே மேடையில் ஏற்றியது. பெரியவர்கள் சிரிக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க எனக்கு மனமில்லை. அதோடு அதை ஒதுக்கிவிட்டோம்.

'ஆனி' 1977இல் பிராட்வேக்கு வந்தது. 1933இன் நியூயோர்க், பொருளாதாரப் பெருமந்தம், அநாதை விடுதி, ஒரு கோடீஸ்வரன், ஒரு நாய், நடுவில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்கூட வந்து போவார். பாட்டுகள் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் மனப்பாடமாகிவிடும். நெறியாள்கையும் நடன அமைப்பும் டொனா ஃபியோர். இவருடைய வேலையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். படச்சட்ட மேடையில் நடனம் அமைப்பவருக்கு முகம் ஒரு பக்கம் காட்டினால் போதும். ஃபெஸ்டிவல் மேடையில் மூன்று பக்கமும் ஆட்கள். ஒரு வரிசை இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் முதுகு தெரியும். அவர் அந்த முதுகுகளையும் ஆடவைப்பவர். வரிசை சுழன்றுகொண்டே இருக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முகம் வந்து சேரும். 2024இல் 'சம்திங் ரொட்டன்' பார்த்துவிட்டு வெளியே வந்தபோது என் கணவர், இசை நாடகம் என்றாலே நெளிகிறவர், கார் தரிப்பிடம்வரை வாய்க்குள் பாடிக்கொண்டு வந்தார்.

ஆனியோடு ஒப்பிடவேண்டியது இன்னொரு பெண்பிள்ளையை. ஏவன் அரங்கின் 'ஆன் ஒஃப் கிரீன் கேபிள்ஸ்'. ஆனி, ஆன். இருவருக்கும் செந்நிறத் தலைமுடி, இருவரும் பெற்றோரை இழந்த பிள்ளைகள், இருவரும் கதை முடியும்போது ஒரு வீட்டை அடைகிறார்கள். ஒரே பருவத்தில் இரண்டையும் வைத்தது தற்செயலோ, வேண்டுமென்றோ, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்ல சங்கடம். 1908இல் வந்த கனேடிய எழுத்தாளர் மொன்ட்கோமரியின் நாவலை கட் சான்ட்லர் புதிதாக நாடகமாக்கி அவரே நெறியாள்கிறார்.

இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை. ஆனி தன் அப்பா அம்மா ஒருநாள் வந்து கூட்டிப்போவார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பவள். ஆனுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அவளைக் கேட்டு யாரும் எடுக்கவில்லை. பண்ணை வேலைக்கு ஆண்பிள்ளை கேட்ட வீட்டுக்கு ஒரு பிழையால் வந்து சேர்ந்தவள். வந்த வீட்டில் அவள் வைக்கும் முதல் கோரிக்கைகளில் ஒன்று, தன் பெயரை ஆங்கிலத்தில் சரியாக, கடைசி 'e' எழுத்தும் சேர்த்து எழுதவேண்டும் என்பது. எங்கள் மகளின் பெயரை வகுப்பில் வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். அவள் திருத்திச் சொல்லச் சொல்லிக் களைத்துப்போய் இப்போது பேசாமல் இருந்துவிடுகிறாள். நாவலின் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாட்டும் ஆட்டமும் வேண்டுமென்றால் ஆனி, வாசிக்கும் பழக்கமுள்ள பிள்ளை என்றால் ஆன். எங்கள் வீட்டில் தெரிவு ஆன் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்கு என் மகளையும் அவள் அப்பாவையும் மட்டும் அனுப்பலாம், மற்ற மூவரும் வேறொன்று பார்க்கலாம் என்ற யோசனையும் இருக்கிறது. எல்லோரும் ஒரே நாடகத்துக்குத்தான் போகவேண்டும் என்று சட்டமில்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஆற்றங்கரையில் சந்தித்தால் போச்சு.

ஷேக்ஸ்பியரில் மூன்று. 'அஸ் யூ லைக் இற்' கிறிஸ் ஏப்ரஹாமின் நெறியாள்கை, ஃபெஸ்டிவல் அரங்கு. காடு, காதல், ஆண் வேடமிட்ட பெண். ஷேக்ஸ்பியர் எழுதிய பெண் பாத்திரங்களில் அதிக வசனம் ரொசலிண்டுக்குத்தான். முதன்முதலாக ஷேக்ஸ்பியர் பார்க்கப் போகும் இளம் தம்பதிகளுக்கு இதைத்தான் சொல்வேன். எங்களுக்கு இந்த ஆண்டு உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

'மக்பெத்' ஏவனில். நெறியாளர் கியூபெக்கின் ரொபேர் லபாஜ். டொம் மக்கேமஸும் லூசி பீகொக்கும் கணவனும் மனைவியுமாக. லபாஜ் கதையை ஸ்கொட்லாந்திலிருந்து எடுத்து, 1990களில் கியூபெக்கை உலுக்கிய மோட்டார் சைக்கிள் கும்பல் போருக்குள் வைக்கிறார். அந்தப் போர் கற்பனை அல்ல. 1994இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்து நூற்றைம்பதுக்கும் அதிகமானோரைக் கொன்றது. தலைவனைக் கொன்று தலைமையைப் பிடிப்பது, கொன்றவனுக்குத் தூக்கம் போவது, ஒரு கொலையை மறைக்க அடுத்த கொலை என்று நீள்வது எல்லாம் அந்த உலகத்தில் அப்படியே பொருந்தும்.

லபாஜின் கைவண்ணம் எனக்கு 2018இல் தெரிந்தது. அதே ஏவனில் 'கோரியோலேனஸ்'. ரோமிலிருந்து துரத்தப்பட்ட தளபதி மேடையில் ஒரு காரை ஓட்டிக்கொண்டு போனான். கார் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னால் மரங்களும் இருட்டும் ஓடின. சினிமாவைப் பார்க்கிறோமா நாடகத்தைப் பார்க்கிறோமா என்று மறந்துபோன கணம் அது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது காரும் இருட்டும் நினைவில் இருந்தன, அந்தக் காட்சியில் பேசிய வசனம் ஒன்றும் நினைவில் இல்லை. லபாஜிடம் எனக்குள்ள பயம் இதுதான். மக்பெத்தில் சொல் முக்கியம். மனைவி இறந்த செய்தி கேட்டபின் அவன் பேசும் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்காகவே அந்த நாடகத்தைப் பார்க்கலாம். அந்த வரிகளை எந்த மோட்டார் சைக்கிளும் மூடிவிடக்கூடாது. மக்கேமஸும் பீகொக்கும் பல பருவங்கள் கண்ட நடிகர்கள் என்பதால் மூடவிடமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொரு தயக்கமும் உண்டு. இலங்கைப் போரைக் கண்டு வந்த எங்கள் ஆட்களுக்கு இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கும்பல் போர் என்றால் துப்பாக்கியும் நெருப்பும் இல்லாமல் இராது. அம்மா இன்றைக்கும் விக்ரோறியா டே வாணவேடிக்கைக்கு யன்னலைப் பூட்டிவிட்டு உள்ளறையில் இருப்பவர். இருட்டில், வெளியே போகமுடியாத வரிசையின் நடுவில், திடீரென்று அந்தச் சத்தம் கேட்பதை அவருக்கு நான் பரிசாகக் கொடுக்கமுடியாது. ஒவ்வொரு நாடகத்துக்கும் என்ன சத்தம், என்ன காட்சி வரும் என்று விழாவின் இணையத்தளத்தில் முன்கூட்டியே எழுதியிருப்பார்கள். டிக்கெட் எடுக்குமுன் அதை வாசியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள். மகன் மக்பெத் பார்க்கத்தான் வேண்டும். பாடப்புத்தகத்தில் செத்துக் கிடக்கும் வசனத்துக்கு உயிர் வருவதை அந்த வயதில் பார்க்காவிட்டால் பிறகு எப்போது பார்ப்பது? பள்ளிக்கூடமே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறது என்பதால் அவன் பங்கு தீர்ந்தது.

'த வின்டர்ஸ் டேல்' டொம் பற்றர்சனில். நெறியாள்கை, இந்தப் பருவத்தில் விழாவின் கலை இயக்குநரான அந்தோனி சிமொலினோ. மக்பெத்துக்கு இருக்கும் பெயர் இதற்கு இல்லை. கரடி துரத்த ஒருவர் மேடையை விட்டு ஓடும் குறிப்பு மட்டும் பரவலாகத் தெரியும். கதை இதுதான். சிசிலியின் அரசன் லியொன்ரிஸ், ஒரு காரணமும் இல்லாமல், தன் கர்ப்பிணி மனைவி ஹெர்மியோனுக்கும் தன் பால்ய நண்பனான அயல்நாட்டு அரசனுக்கும் உறவு என்று சந்தேகிக்கிறான். பிறந்த பெண்குழந்தையைத் தன் நாட்டுக்கு வெளியே ஆளில்லாத இடத்தில் விடச் சொல்கிறான். மனைவியை அவையில் நிறுத்தி விசாரிக்கிறான். அவள் குற்றமற்றவள் என்று கோயில் வாக்கு வருகிறது. அதையும் மறுக்கிறான். அந்த நொடியில் மகன் இறந்த செய்தி வருகிறது, அதைக் கேட்டு அரசி விழுகிறாள், அவளும் இறந்தாள் என்கிறார்கள். பிறகு மேடையில் காலமே ஒரு பாத்திரமாக வந்து, பதினாறு ஆண்டுகள் போய்விட்டன என்று சொல்கிறது.

நிறைமாதத்தில் நிற்கும் மனைவியை அரசன் ஏற்க மறுப்பதும், நீதி தவறியது அதே அவையில் வெளிப்படுவதும் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த காட்சிகள். சகுந்தலையையும் பாண்டியன் அவையையும் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த நாடகத்துக்குள் நுழைய ஆங்கிலம் தடையாக இராது. கதையை முன்கூட்டியே தமிழில் சொல்லிக் கூட்டிப்போனால் மிச்சத்தை நடிகர்களின் உடம்பு சொல்லும். காது மந்தமானவர்களுக்கு அரங்கில் கேட்புக் கருவியும் தருவார்கள்.

ஆக, அம்மாவோடு பார்க்க இது. ஆனால் இதைத் தனியாக அல்ல, எதோடு சேர்த்துப் பார்ப்பது என்பதில்தான் எனக்கு இந்தப் பருவம் திறந்தது.

மிச்சமுள்ளவற்றில் இரண்டை விரைவாகத் தாண்டுகிறேன். ஜேன் ஒஸ்ரின் பிறந்து 250 ஆண்டு நிறைவதால் 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிற்றி'யை கேட் ஹமில் நாடகமாக்கிய வடிவில் போடுகிறார்கள். நாவலை விரும்பி வாசித்தவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். 'டேஞ்சரஸ் லியேசன்ஸ்' பெரியவர்களுக்கானது, கெட்டிக்காரத்தனமான கொடூரம். எங்கள் வார இறுதிக்கு ஒத்துவராது.

இன்னும் மூன்று கனேடிய நாடகங்கள் இருக்கின்றன. மூன்றும் போரைத் தொடுபவை. ஸ்டூடியோவில் இவெட் நோலனின் 'த ஆர்ட் ஒஃப் வார்', இரண்டாம் உலகப் போரின்போது களத்துக்கு அனுப்பப்பட்ட ஓவியர்களை நினைத்து எழுதியது. பற்றர்சனில் எரின் ஷீல்ட்ஸின் 'ரான்சாக்கிங் ட்ரோய்', ஜாக்கி மக்ஸ்வெல்லின் நெறியாள்கை. ட்ரோய் நகரத்தோடு ஆண்டுக்கணக்காக நடக்கும் போர் முடிவதாக இல்லை என்று கண்டு, வீரன் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பி தலைமையில் கிரேக்கப் பெண்கள் தாங்களே ட்ரோய்க்குக் கப்பலேறிப் போகிறார்கள். ஷீல்ட்ஸ் 2018இல் 'பரடைஸ் லொஸ்ட்'டை மேடைக்கு எழுதி, சாத்தானைப் பெண்ணாக்கியவர். அதைப் பார்த்த எனக்கு இவர் எதை எழுதினாலும் போய்ப் பார்க்க ஆசை. இது கோடையின் பின்பகுதியில்தான் தொடங்குகிறது. ஆகஸ்ட், செப்டெம்பரில் போகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள் கூட்டமாகப் போகிறவர்கள், இதை முதலில் வையுங்கள்.

மூன்றாவது 'ஃபொர்கிவ்னஸ்'. மன்னிப்பு என்று பெயர். அதுவும் பற்றர்சனில். மார்க் சகமொட்டோ தன் குடும்பத்தைப் பற்றி எழுதிய நூலை ஹிரோ கனகாவா நாடகமாக்கியிருக்கிறார். அவருடைய அம்மாவின் அப்பா ரால்ஃப் மக்லீன், கியூபெக்கின் மக்டலீன் தீவுகளிலிருந்து போருக்குப் போனவர். 1941 நத்தார் தினத்தில் ஹொங்கொங் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டு, போர்க் கைதியாகப் பட்டினி கிடந்தவர். அப்பாவின் அம்மா மிட்சுவே, கனடாவில் பிறந்த ஜப்பானியப் பெண். 1942இல் கனேடிய அரசு மேற்குக் கரையிலிருந்த ஏறத்தாழ 22,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீட்டிலிருந்து அகற்றியது. வீடு, படகு, கடை எல்லாவற்றையும் விற்றது. அவருடைய குடும்பம் அல்பேர்ட்டாவில் பீட்ரூட் சீனித் தோட்டத்துக் குடிசைக்குப் போனது. போர் முடிந்த பிறகும், 1949வரை, கரைக்குத் திரும்ப அனுமதி இல்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 1988இல்.

ஒருவரை ஜப்பான் சிறைவைத்தது. மற்றவரை, ஜப்பானிய முகம் இருந்ததற்காக, கனடா துரத்தியது. பிறகு அந்த மனிதரின் மகளும் இந்தப் பெண்ணின் மகனும் காதலிக்கிறார்கள். சம்பந்திகள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும்.

இதை வாசித்துவிட்டு 'வின்டர்ஸ் டேல்' கதையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் அதுதான். பகையான இரண்டு அரசர்களின் பிள்ளைகள், பதினாறு வருடம் கழித்து, கைவிடப்பட்ட அவள் யாருடைய மகள் என்று இருவருக்கும் தெரியாமலே ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். பெரியவர்களால் கட்டமுடியாத பாலத்தை அந்தப் பிள்ளைகளின் காதல் கட்டுகிறது. ஒன்றில் காலம் மேடைக்கு வந்து மன்னிப்பை எளிதாக்கித் தருகிறது. மற்றதில் காலத்துக்கு அப்படி மந்திரம் இல்லை. நிலம் திரும்பி வரவில்லை, வதைமுகாமில் போன வயது திரும்பி வரவில்லை. இரண்டையும் ஒரே மேடையில், ஒரே கிழமைக்குள், ஒன்றன் பின் ஒன்றாகப் பார்க்கலாம். ஒரே அரங்கில் நாடகங்கள் மாறி மாறி நடப்பதன் பலன் இதுதான். விழாவுக்கு வெளியே எந்த நகரத்தில் எந்த ஆண்டில் இந்த இரண்டும் எனக்கு அடுத்தடுத்துக் கிடைக்கும்?

போர் முடிந்து வந்த குடும்பங்கள் நாங்கள். எங்கள் பிள்ளைகள் யார் யாரோடு படிக்கிறார்கள், யாரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள் என்று பல வீடுகளில் சொல்லாத பதற்றம் இருக்கிறது. 'ஃபொர்கிவ்னஸ்' அந்தப் பதற்றத்துக்குள் நேரே வந்து உட்காரும் நாடகம். நம்மவர்கள் இதைத் தவறவிடக்கூடாது என்று ஆசைப்படுகிறேன். தமிழில் மேடையேறும் நல்ல நாடகத்துக்கு எத்தனை ஆர்வத்தோடு போகிறோமோ, அதே ஆர்வத்தோடு இதற்கும் போகவேண்டும்.

ஆக எங்கள் முடிவு: ஒரு சனிக்கிழமை. பிற்பகல் மகளும் அப்பாவும் 'ஆன்', நானும் அம்மாவும் மகனும் 'ஃபொர்கிவ்னஸ்'. இரவு எல்லோரும் 'வின்டர்ஸ் டேல்'. மகள் பாதியில் தூங்கினால் தூங்கட்டும், கரடிக்கு எழுப்பிவிடலாம். நாட்காட்டியில் மூன்றும் ஒன்றாக விழும் சனிக்கிழமைகள் அதிகம் இராது. ஆகவே முதலில் நாளைப் பிடித்து, பிறகு இருக்கையைப் பாருங்கள். இசை நாடகம் பார்க்க நினைப்பவர்கள் இன்னும் முந்தவேண்டும், கோடை சனிக்கிழமைகளில் அவைதான் முதலில் நிரம்பும். அன்று ஒரே நாளில் இரண்டு நாடகம் பெரியவர்களுக்குக் கனம் என்று நினைத்தால், இரவு அங்கே ஒரு விடுதியில் தங்கி ஞாயிறு பிற்பகலுக்கு ஒன்றைத் தள்ளுங்கள். சாப்பாடு பிரச்சினையே இல்லை. ஸ்காபரோவில் விடியவே மரக்கறி ரோல்ஸும் மீன் பணிசும் வாங்கிக் கட்டிக்கொண்டு போனால் ஆற்றங்கரைப் புல்லில் விரித்துச் சாப்பிடலாம். அன்னங்கள் கிட்ட வரும், பணிசைக் காட்டாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா முருங்கைக்காய் சீவிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்து 'வின்டர்ஸ் டேல்' கதையை முழுக்கச் சொன்னேன். முடிவில் ஹெர்மியோனின் சிலை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், இசை வாசிக்கிறார்கள், சிலை அசைந்து இறங்கி வருகிறது, உயிரோடுதான் இருந்திருக்கிறாள் என்றேன். அம்மா கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"பதினாறு வருசம் ஒளிச்சிருந்தவள். இறங்கி வந்து அவனோடை ஏதும் கதைச்சவளோ பிள்ளை?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். அவள் அவனைக் கட்டிப்பிடிக்கிறாள் என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்கிறார்கள். வாய் திறந்து பேசுவது மகளோடு மட்டும். லியொன்ரிஸுக்கு ஒரு சொல்லும் இல்லை.

"அப்ப பாக்கத்தான் வேணும்" என்றார் அம்மா. இரண்டாவது வரிசையில் நடைபாதை ஓரமாக அவருக்கு ஓர் இருக்கை எடுத்துவிட்டேன்.